இண்டிகேட்டர் போட்டால் வழி கிடைத்துவிடுமா?

சாலைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய கையோடு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே விவகாரம்: சர்வீஸ் ரோட்டிலிருந்தோ கிராமத்து ரோட்டிலிருந்தோ நாலுவழிச் சாலையில் ஏறுவது. யார் நிற்க வேண்டும், யார் போகலாம், யார் யாரைத் திட்டலாம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. மைலேஜ் பற்றியும் டயர் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் அரசு விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். வக்கீல் இல்லை.

ஐயா, நான் கார் ஓட்டப் பழகி ஒரு வருடம்தான் ஆகிறது. சர்வீஸ் ரோட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை – திருச்சி நெடுஞ்சாலை) ஏறுவதற்கு இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நிற்பேன். ஒருவரும் வழிவிடுவதில்லை. "இண்டிகேட்டர் போட்டாச்சுல்ல, வண்டியை விடு, வர்றவன் பிரேக் போடுவான்" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
– மறைமலைநகரிலிருந்து ஒரு வாசகி

சரியில்லை அம்மா. அவர் காதில் விழும்படி இந்தப் பதிலைச் சத்தமாகவே படியுங்கள்.

1989-இல் வந்த சாலை விதிமுறைகளும் சரி, அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் சரி, இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. சிக்னலோ போலீஸோ இல்லாத இடத்தில், மெயின் ரோட்டுக்குள் நுழைகிறவர்தான் அந்த ரோட்டில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். சில இடங்களில் சிவப்பு ஓரம் போட்ட முக்கோணப் பலகை ஒன்றைத் தலைகீழாக நட்டிருப்பார்கள். 'யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள்' என்று என் மாணவர் ஒருவர் சொன்னார். தப்பில்லை, அது 'வழிவிடு' பலகை. தூசி படிந்து எழுத்தும் நிறமும் மங்கினாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும், அந்த வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் அப்படித் தலைகீழாக வைத்தார்கள். பலகை இல்லாத இடத்திலும் விதி அதேதான்.

இண்டிகேட்டர் போடுவது நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அடுத்தவருக்குத் தெரியப்படுத்த. தெரியப்படுத்திவிட்டதால் வழி உங்களுடையதாகிவிடாது.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருவோம். 'வழிவிடுவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதவில்லை. என்னிடம் பழக வருகிறவர்களில் நிறையப் பேர் சர்வீஸ் ரோடு திறக்கும் இடத்தின் நுனி வரைக்கும் போய், முன் சக்கரம் மெயின் ரோட்டைத் தொடுகிற மாதிரி நிற்பார்கள். அங்கே நின்றுவிட்டால் உங்களுக்கு வேகம் பிடிக்க ஓர் அடி இடம்கூட மிச்சமில்லை. பூஜ்யத்திலிருந்து கிளம்பி எண்பதில் வரும் கூட்டத்தில் சேர வேண்டும். கணக்குப் பாருங்கள். நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள், பின்னால் ஒரு லாரி 80-இல் வருகிறது. இரண்டுக்கும் நடுவே 60 வித்தியாசம், அதாவது ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கண்ணாடியில் 'தூரத்தில் தெரிந்த' லாரி 100 மீட்டரில் இருந்தால் ஆறே வினாடியில் உங்கள் டிக்கிக்குப் பின்னால் நிற்கும். அந்த ஆறு வினாடிக்குள் நீங்கள் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குக்கூட வந்திருக்க மாட்டீர்கள்.

அதனால் நுனிக்குப் போகாதீர்கள். இருபது முப்பது மீட்டர் பின்னாலேயே நின்று அல்லது மெதுவாக உருண்டுகொண்டே ரோட்டைப் பாருங்கள். பெரிய இடைவெளி ஒன்று வருவது தெரிந்தால் அப்போதே கிளம்பி, சர்வீஸ் ரோட்டிலேயே வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். கியரை ஒன்று கீழே வைத்து இழுப்பதில் வெட்கமே வேண்டாம், இன்ஜின் அதற்குத்தான் இருக்கிறது. நல்ல சாலைகளில் இதற்கென்றே ஒரு துணை லேன் நீளமாகப் போட்டிருப்பார்கள். நம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பல திறப்புகளில் அது இல்லை, இருந்தாலும் அதில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருக்கும். அப்படியானால் காத்திருக்க வேண்டியதுதான். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

இன்னொன்று, வலது பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். ஏறும் நேரத்தில் வண்டியின் மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் கண்ணாடியில் நீங்கள் வந்த சர்வீஸ் ரோடுதான் தெரியும், மெயின் ரோடு தெரியாது. கழுத்தைத் திருப்பி வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

உங்கள் கணவர் பேச்சில் ஒரே ஒரு நியாயம் உண்டு. முடிவெடுத்துவிட்டால் தயங்கக் கூடாது. பாதி வண்டியை உள்ளே நீட்டிவிட்டு 'அய்யோ' என்று நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நாலுவழிச் சாலையில் இடது லேன் காலியாக இருந்தது. வலது லேனில் மட்டும் ஒரு லாரி. நம்பி ஏறினேன். லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கார் இடப்பக்கமாக வெளியே வந்து என் பம்பரைப் பெயர்த்துவிட்டது. தப்பு யார் மேல்?
– உளுந்தூர்பேட்டை வாசகர்

நல்லவேளை, பம்பரோடு போனது. இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பாடப்புத்தகம் எதிலும் இது இருக்காது. இது நம்மூர்ச் சமாச்சாரம்.

இடது பக்கம் ஓட்டும் நாட்டில் இடது லேன் மெதுவாகப் போகிறவர்களுக்கு, வலது லேன் ஓவர்டேக் செய்கிறவர்களுக்கு. பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். நடப்பில் லோடு லாரிகள் வலது லேனைவிட்டு அசையாது. காரில் போகிறவர்கள் எல்லோரும் இதற்காக லாரிக்காரர்களைத் திட்டுகிறார்கள். அவர்கள் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடது லேனில் என்னவெல்லாம் இருக்கிறது? டீ குடிக்க நிறுத்திய வண்டி, பயணியை ஏற்ற நிற்கும் டவுன் பஸ், ராங் சைடில் எதிரே வரும் பைக், கரும்பு சீசன் என்றால் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாத டிராக்டர் டிரெய்லர், எப்போது வேண்டுமானாலும் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறும் நாம். இருபது டன் ஏற்றிய லாரி ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடித்தால் மறுபடி பழைய வேகத்துக்கு வர எத்தனை கியர் மாற்ற வேண்டும், எவ்வளவு டீசல் போகும்! அதனால் தொந்தரவு குறைவான வலது லேனில் போகிறார்கள். விதிப்படி அது தப்புதான். ஆனால் சோம்பலாலோ திமிராலோ செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

விளைவு என்ன? கார்களெல்லாம் இடது பக்கமாக ஓவர்டேக் செய்கின்றன. மெதுவாகப் போகிறவர்களுக்கென்று ஒதுக்கிய லேன் தலைகீழாக மாறி, இருப்பதிலேயே வேகமான லேன் ஆகிவிடுகிறது. அதே லேனில்தான் நீங்கள் 30-இல் ஏற வேண்டும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி நாலுவழிச் சாலையில் காருக்கு உச்ச வேகம் 100, சரக்கு வண்டிக்கு 80. நூறில் வரும் கார் ஒரு வினாடியில் 28 மீட்டர் தாண்டும். நூறோடு நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் என் மாணவர்களுக்கு நான் சொல்வது: வலது லேனில் ஒரு லாரி தெரிந்தால், அதன் பின்னால் இடப்பக்கம் வெளியே வரத் துடிக்கும் ஒரு கார் இருக்கிறது என்றே வைத்துக்கொள். லாரி உன்னைக் கடந்து போகட்டும். அது போன பிறகு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார். அதற்கப்புறம் ஏறு. காலியான லேன் என்பது நமக்குத் தெரிகிற தூரம் வரைக்கும்தான் காலி.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். நுழைகிறவர் வழிவிட வேண்டும் என்ற விதியை வைத்து உங்களைக் கேட்பார்கள். லாரியின் மறைவிலிருந்து முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இடப்பக்கம் பாய்ந்ததற்கு அவரையும் கேட்பார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் பேசி முடிக்கட்டும். டேஷ்கேமரா வைத்திருந்தால் பதிவை அழித்துவிடாதீர்கள்.

சூளகிரி தாண்டி வந்துகொண்டிருந்தேன். பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு குடும்பம் பைக்கில் ஏறக் காத்திருந்தது, கைக்குழந்தையோடு. பாவமாக இருந்தது. வண்டியை நிறுத்திக் கை காட்டினேன். பின்னால் வந்த கண்டெய்னர் லாரி அலறிக்கொண்டு விலகிப் போனது. டிரைவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நல்லது செய்யப் போய் இது என்ன அண்ணா?
– ஓசூர் வாசகர்

உங்கள் மனசு நல்ல மனசு தம்பி. செய்த காரியம் ஆபத்தானது. அவர் கெட்ட வார்த்தை பேசியிருக்க வேண்டாம், மற்றபடி அவர் கோபம் நியாயம்தான்.

வேகமாக ஓடும் சாலையில் நடு லேனில் நிற்பதை மரியாதை என்று சொல்ல முடியாது. 80-இல் வருகிறவர் உங்கள் பிரேக் லைட்டைப் பார்த்து, புரிந்து, காலை மாற்றி பிரேக்கில் வைக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விட்டது, இன்னும் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கவில்லை. கண்டெய்னர் லாரி அதற்கப்புறம் எங்கே போய் நிற்கும் என்பது லோடைப் பொறுத்தது. அது உங்கள்மேல் ஏறியிருக்கும், அல்லது விலகிய இடத்தில் அந்தக் குடும்பத்தின்மேலேயே போயிருக்கும். நீங்கள் கை காட்டியதை நம்பி அந்த பைக் உள்ளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் கை உங்கள் வண்டிக்கு மட்டும்தான் உத்தரவாதம் தரும், பக்கத்து லேனில் வருகிறவனுக்குத் தராது.

அப்படியானால் மெயின் ரோட்டில் வருகிறவர் சும்மா நேரே பார்த்துக்கொண்டு போய்விடலாமா? அதுவும் இல்லை. உரிமை உங்களுடையது. ஆனால் தூரத்திலிருந்தே பார்க்க முடிகிறவரும் நீங்கள்தான். இடப்பக்கம் ஒரு திறப்பு வருகிறது, அங்கே வண்டிகள் நிற்கின்றன என்று அரை கிலோமீட்டர் முன்பே தெரியும். கண்ணாடி பாருங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், வலது லேனுக்கு மாறிவிடுங்கள். இடது லேன் அவர்களுக்குக் காலி. ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் அலறவில்லை. வலது லேனில் இடமில்லையா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுங்கள், அது போதும், முன்னால் இடைவெளி கொஞ்சம் பெரிதாகும். அதற்கும் வழியில்லையா? அதே வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள். ஏறக் காத்திருப்பவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, உங்கள் வேகத்தை அவர் கணிக்க முடிகிற மாதிரி வைத்திருப்பதுதான். திடீரென்று கூட்டினாலும் கஷ்டம், திடீரென்று குறைத்தாலும் கஷ்டம்.

பஸ் ஓட்டிய காலத்தில் மேல்மருவத்தூர் வருவதற்கு நன்றாக முன்பே நான் வலப்பக்கம் போய்விடுவேன். மார்கழி, தை மாதங்களில் அங்கே சிவப்பு உடை போட்ட பக்தர்களும் அவர்கள் வந்த வேன்களும் ஓரம் முழுக்க இருக்கும், எந்த வேன் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. அங்கே போய் முடிவெடுத்தால் பஸ்ஸுக்குள் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் வந்து விழுவார்கள்.

ஒரு விதிவிலக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்திரம் பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் வரை ஊர்ந்துகொண்டிருக்கும்போது நான் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது. நடக்கிற வேகத்தில் போகும்போது ஒரு வண்டியை உள்ளே விடுங்கள். ஒன்று. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது ஆளை உங்களுக்குப் பின்னால் வருகிறவர் விடட்டும். அங்கேயும் முன் பம்பரோடு ஒட்டிக்கொண்டு 'விடமாட்டேன்' என்று போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களும் நாமும் ஒரே நேரத்தில்தான் செங்கல்பட்டு போய்ச் சேர்கிறோம்.

வணக்கம் ஐயா. நான் ஜேர்மனியில், ஹம் நகரத்தில் இருக்கிறேன். கார் ஓடப் பழகுகிறேன். ஆட்டோபானில் (இங்கத்தைய அதிவேக நெடுஞ்சாலை) ஏறும்போது ஒன்று விட்டு ஒன்று என்று ஜிப் மாதிரி விட வேண்டும், அது சட்டம் என்று என் மச்சான் சொல்கிறார். பழக்குகிற ஆசிரியர் அப்படி இல்லையாம். ஆர் சொல்வது சரி?
– ஜேர்மனியிலிருந்து ஒரு வாசகி

ஆசிரியர் சொல்வது சரி தங்கச்சி. என் தங்கை மகன் ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குப் போனான். இந்திய லைசென்ஸ் அங்கே ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் மறுபடி எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுதினான். தினமும் ராத்திரி எனக்குப் போன் செய்து ஒவ்வொரு விதியாகச் சொல்லி என்னிடமே கேள்வி கேட்பான். அதில் கற்றுக்கொண்டது இது.

அந்த நாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 18-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆட்டோபானில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் வண்டிகளுக்குத்தான் முன்னுரிமை. ஏறுகிறவர்தான் இடம் பார்த்து ஏற வேண்டும். ஜிப் முறையும் சட்டத்தில் உண்டு, ஆனால் அது 7-ஆம் பிரிவில், வேறு இடத்துக்கு. ஒரே திசையில் போகும் லேன்களில் ஒன்று முடிந்துபோகிறது அல்லது வேலை நடந்து அடைத்திருக்கிறார்கள் என்றால், அந்த லேனில் வருகிறவர்களை ஒன்று விட்டு ஒன்று உள்ளே விட வேண்டும். உங்கள் மச்சான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் நிறையப் பேர் இதே தப்பைச் செய்வார்கள் என்று மருமகன் சொன்னான், அதனால் மச்சானை ரொம்பவும் கேலி செய்ய வேண்டாம்.

ஜிப் முறையில் இன்னொரு நுணுக்கம். லேன் முடியும் இடம் வரைக்கும் போய்த்தான் சேர வேண்டும், முன்கூட்டியே ஒதுங்கி அடுத்த வரிசையில் போய் நிற்கக் கூடாது. நம் ஊர் ஆட்களுக்கு இது உறுத்தும். கடைசி வரைக்கும் போகிறவன் குறுக்கே புகுகிறான் என்று நினைப்போம். ஆனால் இரண்டு லேனையும் முழுசாகப் பயன்படுத்தினால் வரிசையின் நீளம் பாதியாகிறது, பின்னால் இருக்கும் சந்திப்பு அடைபடுவதில்லை. அதனால் நுனி வரை போங்கள், நெஞ்சை நிமிர்த்திப் போங்கள்.

உங்களுக்கு வலது பக்கம் ஓடும் நாடு என்பதால் மேலே மறைமலைநகர் அம்மாவுக்குச் சொன்னதில் வலதை இடதாக மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டியது இடது தோளுக்கு மேலாக. வேகம் பிடிப்பதற்கென்று அங்கே நீளமான லேன் போட்டிருக்கிறார்கள். பயந்து அதன் முதல் இருபது மீட்டரிலேயே நுழையப் பார்க்காதீர்கள், முழுசாக ஓடி வேகத்தைப் பிடியுங்கள்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைவிலிருந்து இறங்கும் இடத்தில் நாங்கள் உள்ளே வர, மற்றவர்கள் வெளியே போக, தினமும் சண்டைதான். அங்கே யாருக்கு முன்னுரிமை?
– ஆலந்தூர் வாசகர்

2008-இல் திறந்த அந்தப் பாலத்தின் வடிவத்திலேயே இருக்கும் சிக்கல் அது. மேலிருந்து பார்த்தால் நாலு இதழ் விரித்த மாதிரி இருக்கும் இந்த வகைப் பாலங்கள் எங்கே கட்டினாலும், ஒரு வளைவிலிருந்து ஏறுகிறவரும் அடுத்த வளைவில் இறங்குகிறவரும் ஒரே சின்ன நீளத்தில் ஒருவரை ஒருவர் குறுக்கே கடந்தாக வேண்டும். நேரே போகிறவருக்கு முன்னுரிமை என்பது மாறாது. ஆனால் குறுக்கே கடக்கிற இருவருக்குள் அதை வைத்து வாதாடினால் இரண்டு பேருமே தங்கள் வழியைத் தவறவிடுவீர்கள். வேகத்தை ஒன்றாக்கிக்கொண்டு, ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தவறிவிட்டால் தவறியதுதான், அடுத்த திருப்பத்தில் சுற்றி வாருங்கள். ரிவர்ஸ் எடுப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, வசவு மட்டும்தான் இருக்கிறது.

லண்டனில் இருக்கும் என் மகள் இங்கே வந்தபோது, எதிரே வந்தவர் லைட் அடித்ததும் 'நமக்கு வழி விடுகிறார்' என்று வண்டியை எடுத்துவிட்டாள். உயிர் போய் வந்தது. ஏன் இந்தக் குழப்பம்?
– கும்பகோணம் வாசகர்

அங்கே பழக்கத்தில் லைட் அடித்தால் 'நீங்க போங்க'. இங்கே லைட் அடித்தால் 'நான் வர்றேன், நில்லு'. வேடிக்கை என்னவென்றால் பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடிலேயே, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும் லைட் அடிக்கலாம் என்றுதான் இருக்கிறது. மக்கள் தாங்களாக அதை உபசாரமாக மாற்றிக்கொண்டார்கள். மகளிடம் சொல்லுங்கள்: இந்தியாவில் லைட் அடித்தால் நிற்கவும். கிளீனர் தலையை நீட்டி 'வா, வா' என்று தட்டினாலும் உங்கள் கண்ணால் பார்க்காமல் ஏற வேண்டாம்.

டோல்கேட் தாண்டியதும் எட்டுப் பத்து வரிசை இரண்டாகிறது. அங்கே யாருக்கு உரிமை?
– விழுப்புரம் வாசகர்

ஒருவருக்கும் இல்லை. மேலே சொன்ன ஜிப் முறைதான். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதில் கேட் வேகமாகத் திறக்கிறது, எல்லோரும் பந்தயக் குதிரை மாதிரி ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஊரிலிருந்து பைக்கில் காலேஜுக்குப் போக நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடந்து, நடுத் தடுப்பில் விட்டிருக்கும் திறப்பில் (மீடியன் கட்டிங்) நின்று, அந்தப் பக்கம் ஏற வேண்டும். பாலத்துக்கு அடியில் போனால் சுற்று. அப்பா தினமும் சண்டை போடுகிறார். எப்படிப் பாதுகாப்பாகக் கடப்பது?
– விக்கிரவாண்டி பக்கத்திலிருந்து ஒரு மாணவர்

தம்பி, உன் அப்பா கட்சிதான் நான்.

முதலில் அந்த இடத்தின் சங்கடம் புரிய வேண்டும். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறவர் இடது லேனில் ஏறுவார். மீடியன் கட்டிங்கிலிருந்து ஏறுகிறவர் நேராக வலது லேனில், ஓவர்டேக் செய்யும் லேனில் போய் விழுகிறார். அதுவும் நின்ற இடத்திலிருந்து. அங்கிருந்து இடது லேனுக்குப் போவதற்குள் இரண்டு லேன் வண்டிகளுக்கும் நீ குறுக்கே இருக்கிறாய். பைக்காவது கட்டிங்குக்குள் அடங்கும். கார் நின்றால் பல இடங்களில் பின்பாதி இந்தப் பக்க ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், டிராக்டர் டிரெய்லரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராத்திரியில் குறுக்கே நிற்கும் டிரெய்லர், அதற்கு எந்த விளக்கும் பக்கவாட்டில் இல்லை என்றால், வருகிறவன் ஹெட்லைட்டுக்கு ரோடு காலியாக இருப்பது போலவே தெரியும்.

அதனால் சுற்று என்று பார்க்காதே. இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, அந்தப் பக்க சர்வீஸ் ரோட்டில் வந்து, இடது லேனில் ஏறு. அந்தப் பாலம் வரைக்கும் ராங் சைடில் போய்ச் சுற்றைக் குறைக்கலாம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். எதிர்த்திசையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் 184-ஆம் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கே 1,000-லிருந்து 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அபராதம் கிடக்கட்டும். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ அவருக்கு இடப்பக்கமிருந்து வருகிறாய். அவர் உன்னைப் பார்க்க வழியே இல்லை. இதைப் படிக்கும் கார்க்காரர்களும் ஏறுமுன் இடப்பக்கம் ஒரு தடவை பாருங்கள், ஒருவழிச் சாலைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டிங்குகளை கான்கிரீட் கட்டை வைத்து அடைப்பார்கள், அடுத்த வாரம் ஊர்க்காரர்கள் தள்ளிவிட்டுத் திறப்பார்கள். அடைத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ரோடு போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சுரங்கப் பாதைகூட வைக்காமல், 'கடக்காதே' என்று பலகை மட்டும் வைத்தால் யார் கேட்பார்கள்? பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எதையும் மெயின் லேன்களில் விடுவதில்லை. சர்வீஸ் ரோடு கூடவே வருகிற இடத்தில் அப்படிச் சொல்லலாம். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுபோகிற இடத்தில் அதே உத்தரவைப் போட்டால் அந்த ஊர்க்காரர் வானத்தில்தான் போக வேண்டும்.

பஸ் டிரைவர்கள் மட்டும் ஏன் நிறுத்தத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இடித்துக்கொண்டு வருகிறார்கள்? நீங்களும் அப்படித்தான் ஓட்டினீர்களா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர், தாம்பரம்

பெயர் வேண்டாம் என்று எழுதியபோதே கேள்வி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது!

பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள், நேர அட்டவணை இருக்கிறது, ஒருவரும் விடுவதில்லை. வழி விடும் வரை காத்திருந்தால் மதுராந்தகம் போகிற பஸ் தாம்பரத்திலேயே கிடக்கும். அதனால் மூக்கை நுழைத்துப் பழகிவிட்டார்கள். ஜேர்மனியில் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸுக்கு மற்றவர்கள் இடம் தர வேண்டும், தேவைப்பட்டால் நிற்கவும் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சிங்கப்பூரிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களில் ரோட்டிலேயே குறி போட்டு பஸ்ஸுக்கு வழிவிடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் பாதுகாப்பாக முடிகிறபோது விடுங்கள் என்கிறது ஹைவே கோடு. கார்க்காரர்கள் அப்படிக் கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம். ஆனால் நான் சொல்வது ஊருக்குள் ஓடும் ரோட்டுக்கு. வேகமாக ஓடும் ஹைவேஸில் பஸ்ஸும் காத்திருந்துதான் ஏற வேண்டும், பெரிய வண்டி என்பதற்காக விதி மாறாது. நான் எப்படி ஓட்டினேன் என்பதை என் கண்டக்டரிடம் கேளுங்கள். அவர் என் சிநேகிதர், நல்லபடியாகத்தான் சொல்வார்.

வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல ஹாரன் அடிக்கலாமா?
– திருச்சி வாசகி

வேண்டாம் அம்மா. பக்கத்தில் போகும் பைக்காரர் பயந்து திரும்புவார். பகலில் கையைத் தூக்கிக் காட்டினால் போதும். ராத்திரியில் ஒன்றும் செய்யாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏறிய உடனே வேகத்தைப் பிடித்து அவருக்கு முன்னால் இழுத்தடிக்காமல் போய்விடுங்கள்.

(அடுத்த இதழில்: டயர், மைலேஜ், மற்றும் மழையில் வைப்பர் வேலை செய்யாத கதைகள்.)